பாக்கெட் எங்கே போச்சு, ஏன் போச்சு? லினக்ஸ் கர்னலில் டிராப் காரணத்தைப் பதிவு செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி, பாலக்கோடு பக்கம் லினக்ஸ் பெட்டியை ரவுட்டராக வைத்து வீடுகளுக்கு நெட் கொடுப்பவர்கள், ஓசூர் சிப்காட்டில் கம்பெனி சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர்கள், கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் சென்சார் கணினிகளோடு மல்லுக்கட்டுபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நெட்டில் போகும் தகவல் துண்டுதான் பாக்கெட். லினக்ஸின் மையப் பகுதி கர்னல். பாக்கெட்டைப் பாதியில் தூக்கிப் போடுவதுதான் டிராப். கட்டளைகளின் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல் அடித்துக்கொள்ளுங்கள்.

டிராப் எண்ணிக்கை ஏற்கெனவே தெரிகிறதே, காரணம் எதற்குத் தனியாக?

ராயக்கோட்டை தக்காளி மண்டியில் ஒருவர் கொண்டுவந்த கிரேட்டுகளில் பத்தைக் கழித்துவிட்டுச் சீட்டில் "கழிவு 10" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? காய் அழுகலா, பிஞ்சா, வண்டியில் நசுங்கியதா என்று தெரியாமல் எதைத் திருத்துவது? "ஐபி -எஸ் லிங்க்" காட்டும் டிராப் எண் அந்தச் சீட்டு மாதிரிதான்.

அந்த எண்ணில் நிஜமான இழப்பும் இருக்கும், ஒன்றுமில்லாத சமாச்சாரமும் இருக்கும். சுவிட்ச் தன்னைப் பற்றிப் பக்கத்துச் சாதனங்களுக்கு அனுப்பும் எல்எல்டிபி அறிவிப்பை வாங்க உங்கள் பெட்டியில் யாரும் இல்லையென்றால் அதுவும் டிராப் கணக்கில்தான் ஏறும். சிலர் இந்த எண் ஏறுவதைப் பார்த்துவிட்டுக் கேபிளை மாற்றுவார்கள், அப்புறம் கார்டை மாற்றுவார்கள், கடைசியில் சுவிட்சையே மாற்றுவார்கள். எண் அதே வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கும்.

கர்னலுக்குள் பாக்கெட் எந்தெந்த இடத்தில் விழும்?

வரும் வழியைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். மீதிக் கேள்விகளுக்கெல்லாம் இதுதான் அடிப்படை.

முதலில் நெட்வொர்க் கார்டு. கார்டும் அதை இயக்கும் டிரைவரும் பகிர்ந்துகொள்ளும் ரிங் என்ற வட்ட வரிசை ஒன்று உண்டு. கர்னல் எடுப்பதற்குள் அது நிரம்பிவிட்டால் புதிதாக வரும் பாக்கெட்டைக் கார்டே விட்டுவிடும். இன்டெலின் ஐஜிபி டிரைவரில் இந்த ரிங் வழக்கமாக 256 இடங்கள் கொண்டது. 4096 வரை ஏற்றலாம். இங்கே விழுவது கர்னலின் கண்ணில் படவே படாது என்பதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அதைத் தாண்டினால், எக்ஸ்டிபி நிரல் (டிரைவரிலேயே பாக்கெட்டை வடிகட்டும் சிறு நிரல்) ஏதாவது போட்டிருந்தால் அது முடிவெடுக்கும். பிறகுதான் டிரைவர் அந்த பாக்கெட்டுக்கு எஸ்கேபி என்ற உறையைப் போடுகிறது. கர்னலுக்குள் பாக்கெட் என்றால் அந்த எஸ்கேபிதான். வேலையைப் பல சிபியுக்களுக்குப் பிரிக்கும் ஆர்பிஎஸ் அமைப்பு இருந்தால் ஒவ்வொரு சிபியுவுக்கும் ஒரு காத்திருப்பு வரிசை உண்டு. அதன் வழக்கமான எல்லை 1000. அது நிரம்பினால் அங்கே ஒரு டிராப்.

அடுத்து, வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் போன்ற கருவிகளுக்கு ஒரு நகல் போகிறது. அதற்குப் பிறகுதான் டிசி இன்கிரஸ் (உள்வரும் போக்குவரத்துக் கட்டுப்பாடு), ஐபி ஹெடர் சோதனை, நெட்ஃபில்டர் (கர்னலின் ஃபயர்வால்), ரூட் தேடல் எல்லாம். பாக்கெட் வேறொருவருக்கு என்றால் ஃபார்வர்டு பாதையில் போய் வெளியேறும் வரிசையான கியூடிஸ்க்கில் நிற்கும். நமக்கே என்றால் டிசிபி அல்லது யுடிபி அடுக்குக்குப் போய், அந்த போர்ட்டில் யாராவது கேட்டுக்கொண்டிருக்கிறார்களா, சாக்கெட்டின் (அப்ளிகேஷன் பாக்கெட் வாங்கும் வாசல்) பஃபரில் இடம் இருக்கிறதா என்று பார்த்து, கடைசியில் அப்ளிகேஷன் கைக்குப் போகும்.

இத்தனை கதவிலும் திருப்பி அனுப்ப உரிமை இருக்கிறது. எந்தக் கதவில், எந்தச் சாக்கில் என்பதைக் கர்னலையே சொல்ல வைப்பதுதான் இந்தப் பக்கம் முழுக்க.

கர்னல் இதை எப்படிப் பதிவு செய்கிறது?

எஸ்கேபியை விடுவிக்க இரண்டு வழிகள் உண்டு. வேலை ஒழுங்காக முடிந்து விடுவித்தால் "கன்ஸ்யூம்_எஸ்கேபி". பாதியில் தூக்கிப் போட்டால் "கேஃப்ரீ_எஸ்கேபி". நினைவகத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வேலைதான். ஆனால் இந்தப் பிரிவினை இல்லையென்றால் நல்ல சாவையும் கெட்ட சாவையும் பிரித்தறிய வழியில்லை.

2009இல் வந்த 2.6.30 கர்னலில் நீல் ஹார்மன் டிராப் மானிட்டர் என்ற பகுதியைச் சேர்த்தார். கேஃப்ரீ_எஸ்கேபி அழைக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு டிரேஸ்பாயிண்ட் (கர்னலுக்குள் வைத்த கண்காணிப்புப் புள்ளி) சுடும். யார் அழைத்தார்கள் என்ற முகவரியும் கூடவே வரும். அதைப் படிக்கும் கருவிதான் டிராப்வாட்ச். பல வருடம் நமக்குக் கிடைத்தது இவ்வளவுதான்: ஃபங்ஷன் பெயரும், அதற்குள் எத்தனை பைட் தள்ளி என்பதும். ஒரே ஃபங்ஷனுக்குள் ஏழெட்டு காரணங்கள் ஒரே வாசல் வழியாக வெளியேறும் என்பதால், கர்னல் மூலநிரலைத் திறந்து வைத்துக்கொண்டு யூகிக்க வேண்டியிருந்தது.

2022 மார்ச்சில் வெளியான 5.17 கர்னலில்தான் நிலைமை மாறியது. மெங்லாங் டோங் என்ற டெவலப்பர் "கேஃப்ரீ_எஸ்கேபி_ரீசன்" என்ற புதிய ஃபங்ஷனைக் கொண்டுவந்தார். பாக்கெட்டைத் தூக்கிப் போடும் இடத்திலேயே காரணத்துக்கு ஒரு பெயர் கொடுத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த முதல் பதிப்பில் பெயர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன. 5.18இலும் அதற்குப் பின்பும் வேகமாகப் பெருகின.

என் பெட்டியில் இது இருக்கிறதா?

"யூநேம் -ஆர்" அடித்துப் பாருங்கள். டெபியன் 12இல் 6.1 கர்னல், உபுண்டு 24.04இல் 6.8. இரண்டிலும் காரணம் வரும். உபுண்டு 22.04இன் இயல்பான கர்னல் 5.15. இரண்டே பதிப்பில் கோட்டை விட்டுவிட்டது. ஹெச்டபிள்யூஇ என்ற புதிய கர்னல் போட்டுக்கொண்டால் கிடைக்கும். டெபியன் 11 வைத்திருப்பவர்களுக்கு இடம் மட்டும் தெரியும், காரணம் தெரியாது. ரெட் ஹேட் வகையில் பதிப்பு எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். அவர்கள் புதிய அம்சங்களைப் பழைய எண்ணுக்குள்ளேயே கொண்டுவருவது வழக்கம்.

சந்தேகமே வேண்டாம் என்றால் டிரேஸிங் அடைவுக்குள் ஈவென்ட்ஸ், எஸ்கேபி, கேஃப்ரீ_எஸ்கேபி என்று போய் "ஃபார்மட்" கோப்பைப் படியுங்கள். அதில் ரீசன் என்ற புலம் இருந்தால் இருக்கிறது.

சரி, எதை அடித்துத் தொடங்குவது?

கர்னல் நிகழ்வுகளைப் பதியும் பெர்ஃப் கருவி இருந்தால் அதுவே போதும்:

சூடோ பெர்ஃப் ரெக்கார்ட் -இ எஸ்கேபி:கேஃப்ரீ_எஸ்கேபி -ஏ -ஜி ஸ்லீப் 10

பத்து விநாடி பதிந்துவிட்டு "பெர்ஃப் ஸ்கிரிப்ட்" போட்டால் ஒவ்வொரு டிராப்பும் அதன் அழைப்புச் சங்கிலியோடு (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற வரிசை) வரும். ஏராளமாக விழும் பெட்டியில் இப்படி ஒவ்வொன்றாகப் பதியாதீர்கள். பிபிஎஃப்டிரேஸ் கருவியில் அதே டிரேஸ்பாயிண்டைப் பிடித்து, காரண எண்ணைச் சாவியாக வைத்து எண்ணிக்கை மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு வரிதான். கூட்டல் கர்னலுக்குள்ளேயே நடப்பதால் சுமை குறைவு.

ஒரு எச்சரிக்கை. காரணங்களின் எண் மதிப்பு கர்னலுக்குக் கர்னல் மாறும். ஒரு பெட்டியில் 6 என்றால் ஒன்று, இன்னொரு பெட்டியில் 6 என்றால் வேறு. எண்ணை மனப்பாடம் செய்து வைக்கவோ, ஸ்கிரிப்டில் எழுதி வைக்கவோ வேண்டாம். பெர்ஃபும் டிரேஸ்_பைப் கோப்பும் பெயரையே காட்டுகின்றன.

பாக்கெட்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றால் டிராப்வாட்சில் அலர்ட்மோடை "பாக்கெட்" என்று மாற்றலாம். இது 5.4 கர்னலில் இருந்து உண்டு. அதோடு வரும் டிடபிள்யூடம்ப் கருவி கோப்பாகச் சேமிக்கும், வயர்ஷார்க்கில் திறக்கலாம். சிலியம் குழுவின் பிடபிள்யூஆர்யூ, ரெட் ஹேட்காரர்களின் ரெட்டிஸ் இரண்டும் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு பாக்கெட் எந்தெந்த ஃபங்ஷன் வழியாக நடந்து எங்கே விழுந்தது என்பதையே காட்டும். எடுத்தவுடனே அங்கே போகத் தேவையில்லை.

வெளியீட்டில் புரோட்டோகால் 2048 என்று வருகிறதே, அது என்ன?

ஈதர்நெட் வகை எண், பத்தடிமானத்தில். 2048 என்றால் ஐபிவி4, 34525 என்றால் ஐபிவி6, 2054 ஏஆர்பி (ஐபிக்குரிய மேக் முகவரியைக் கேட்பது), 35020 எல்எல்டிபி. உங்கள் "மர்ம டிராப்" எல்லாமே 35020ஆக இருந்தால் நிம்மதியாக டீ குடிக்கப் போகலாம்.

எந்தெந்தக் காரணங்கள் அடிக்கடி வரும்?

நம் பக்கத்துப் பெட்டிகளில் பார்ப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

"நோ_சாக்கெட்" என்றால் அந்த போர்ட்டில் கேட்க ஆள் இல்லை. பொது ஐபி வைத்திருக்கும் பெட்டியில் இது ஓயாமல் வரும். உலகத்தில் எவனோ போர்ட் தட்டிப் பார்க்கிறான், அவ்வளவுதான். உள் நெட்வொர்க்கில் வந்தால் மட்டும் கவனியுங்கள். சர்வீஸ் விழுந்திருக்கலாம், அல்லது லோக்கல் முகவரியில் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

"அதர்ஹோஸ்ட்" என்றால் வேறு மேக் முகவரிக்கான பாக்கெட். கார்டு எல்லாருக்கும் வரும் பாக்கெட்டையும் வாங்கும் புரோமிஸ்கஸ் நிலையில் இருந்தால் குவியும். சில சமயம் டிசிபிடம்ப் ஓட விட்டதாலேயே இது வரும். பார்க்கப் போனதால் வந்த டிராப்.

"நெய்_ஃபெயில்டு" என்றால் ஏஆர்பிக்குப் பதில் வரவில்லை. எதிர்முனை சாதனம் அணைந்து கிடக்கிறது, அல்லது விலான் (சுவிட்சில் பிரித்த நெட்வொர்க்) மாறியிருக்கிறது. கிரானைட் யார்டில் இருக்கும் கேமரா ஒன்று கரண்ட் இல்லாமல் நின்றுபோனால், அதை இங்கிருந்து கூப்பிடும் ரெக்கார்டர் பெட்டியில் இதைப் பார்க்கலாம்.

"சாக்கெட்_ஆர்சிவிபஃப்", "ஐபி_ஆர்பிஃபில்டர்", "நெட்ஃபில்டர்_டிராப்" மூன்றுக்கும் கீழே தனித்தனிக் கேள்வியே இருக்கிறது.

"நாட்_ஸ்பெசிஃபைட்" வந்தால் அந்த இடத்துக்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை என்று பொருள். பழைய முறைப்படி ஃபங்ஷன் பெயரைத்தான் பார்க்க வேண்டும். புதிய கர்னல்களில் இது குறைந்துகொண்டே வருகிறது.

"அண்ணா, பஃபரை ஏத்திவிட்டா சரியாயிடும்ல?"

பத்தில் எட்டுப் பேர் முதலில் கேட்பது இதுதான். என் அபிப்பிராயம்: காரணம் தெரிவதற்கு முன் எந்த எண்ணையும் தொடாதீர்கள். ஃபயர்வால் ரூலில் விழும் பாக்கெட்டுக்கு ரிங் அளவை ஏற்றி என்ன பயன்?

பஃபர்தான் காரணம் என்று கர்னலே சொல்லும் நேரமும் உண்டு. மாம்பழ சீசனில் ஓடும் ஒரு கூழ் ஆலையை வைத்துக்கொள்வோம். பாஸ்சுரைசர், ஸ்டெரிலைசர், ஃபில்லர் எல்லாவற்றிலும் வெப்பநிலை, அழுத்த சென்சார்கள். எல்லாம் யுடிபியில் ஒரு கணினிக்கு அளவுகளை அனுப்புகின்றன. பெங்களூரா மாங்காய் லோடு குவிந்து மூன்று ஷிப்டும் ஓடும் நாட்களில் மட்டும் வரைபடத்தில் ஓட்டை விழுகிறது. டிரேஸ் எடுத்தால் "சாக்கெட்_ஆர்சிவிபஃப்". அதாவது பாக்கெட் கடைசிக் கதவு வரை வந்துவிட்டது, வாங்கும் நிரல் எடுக்காததால் விழுந்தது.

அடுத்து "எஸ்எஸ்" கட்டளையில் சாக்கெட்டின் நினைவக விவரத்தைக் கேளுங்கள். எஸ்கேமெம் அடைப்புக்குள் "டி" என்று ஆரம்பிக்கும் எண் அந்த ஒரு சாக்கெட்டில் விழுந்தவை. "ஆர்பி" பஃபரின் எல்லை. நெட்வொர்க் கவுண்டர்களைக் காட்டும் "என்ஸ்டாட்"டில் யுடிபிஆர்சிவிபஃப்எரர்ஸ் என்ற கவுண்டர் ஏறியிருக்கும். மூன்றும் ஒத்துப்போனால் நோய் உறுதி.

இப்போது பஃபரை ஏற்றலாம், ஆனால் எதை? பல கர்னல்களில் வழக்கமான அளவு 212992 பைட். "ஆர்மெம்_மேக்ஸ்" என்பது நிரல் கேட்டால் கொடுக்கக்கூடிய உச்சம் மட்டும்தான். நிரல் கேட்கவே இல்லையென்றால் அதை எவ்வளவு ஏற்றினாலும் எதுவும் மாறாது, "ஆர்மெம்_டீஃபால்ட்"தான் மாற வேண்டும். அதை மாற்றினாலும் ஏற்கெனவே திறந்திருக்கும் சாக்கெட்டுக்குப் பழைய அளவுதான், சர்வீஸை ஒருமுறை நிறுத்தி எழுப்புங்கள். இன்னொன்று, கர்னல் கணக்கு வைப்பது டேட்டாவின் அளவை அல்ல, உறையோடு சேர்ந்த நினைவகத்தை. நூறு பைட் சென்சார் செய்தி கணக்கில் அதைப்போலப் பல மடங்கு எடுக்கும். "இரண்டு லட்சம் பைட்டில் இரண்டாயிரம் செய்தி நிற்குமே" என்று கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள்.

ஆனால் நிரல் ஒவ்வொரு செய்திக்கும் டேட்டாபேஸில் ஒரு முறை எழுதிவிட்டுத்தான் அடுத்ததை எடுக்கிறது என்றால், பஃபரை இரட்டிப்பாக்குவது ஓட்டையைச் சில நிமிடம் தள்ளிப்போடும், அவ்வளவே. வாங்கும் வேலையையும் எழுதும் வேலையையும் பிரிக்கச் சொல்லி நிரல் எழுதியவரிடம் போய்த்தான் ஆக வேண்டும்.

டிசிபிடம்பில் பாக்கெட் வருவது தெரிகிறது, அப்ளிகேஷனுக்கு வரவில்லை. யார் பொய் சொல்வது?

யாரும் இல்லை. மேலே சொன்ன வழியை ஒருமுறை பாருங்கள்: டிசிபிடம்ப் நகல் எடுப்பது நெட்ஃபில்டருக்கு முன். ஃபயர்வால் தூக்கிப் போடப்போகும் பாக்கெட்டும் அதில் அழகாகத் தெரியும். எக்ஸ்டிபி அதற்கும் முன்னால் இருப்பதால், அங்கே விழுந்தது டிசிபிடம்பில் தெரியாது. ஆக, டிசிபிடம்பில் தெரிந்தால் கார்டு, டிரைவர், எக்ஸ்டிபி மூவரும் நிரபராதிகள். தேடலைப் பாதியாகக் குறைத்துவிட்டீர்கள்.

டிசிபிடம்ப் முடியும்போது "கர்னலால் டிராப் ஆனவை" என்று ஒரு எண் காட்டுமே, அது வேறு. டிசிபிடம்புக்கான நகல் விழுந்த கணக்கு அது. நிஜ பாக்கெட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

இரண்டு லைன் வைத்திருக்கிறோம். இரண்டாவதில் உள்ளே வருவது மட்டும் வேலை செய்யவில்லை.

ஒரு ஃபைபர், அது அறுந்தால் ஒரு வயர்லெஸ் லிங்க் என்று வைத்திருக்கும் எல்லா இடத்திலும் வரும் கேள்வி. நெடுஞ்சாலை வேலையில் ஜேசிபி எப்போது கேபிளைத் தூக்கும் என்று தெரியாத ஊரில் இரண்டு லைன் இல்லாமலும் முடியாது.

டிரேஸில் "ஐபி_ஆர்பிஃபில்டர்" என்று வந்தால் விஷயம் இதுதான்: வயர்லெஸ் லிங்க்கில் பாக்கெட் உள்ளே வருகிறது. கர்னல் அனுப்பியவரின் முகவரியைப் பார்த்து, "இவருக்குப் பதில் அனுப்ப வேண்டுமானால் நான் எந்த வழியில் அனுப்புவேன்?" என்று ரூட் அட்டவணையைக் கேட்கிறது. இயல்பு வழி ஃபைபர். வந்த வழியும் போகும் வழியும் வேறு, ஆகவே போலி முகவரி என்று தூக்கிப் போடுகிறது. இது கண்டிப்பான சோதனை, ஆர்பி_ஃபில்டர் அமைப்பின் மதிப்பு 1. மதிப்பு 2 தளர்வானது. எந்த வழியிலாவது திரும்பிப் போக முடிந்தால் போதும் என்று விட்டுவிடும். மதிப்பு 0 என்றால் சோதனையே இல்லை.

இங்கே பலர் தடுமாறுவது ஒரு இடத்தில். "ஆல்" என்பதற்கும் அந்தந்த இன்டர்ஃபேஸுக்கும் தனித்தனி மதிப்பு உண்டு. கர்னல் இரண்டில் பெரியதை எடுத்துக்கொள்ளும். இன்டர்ஃபேஸில் 0 வைத்துவிட்டு ஆலில் 1 இருந்தால், நடப்பது 1தான். இன்டர்ஃபேஸில் 2 வையுங்கள், தீர்ந்தது.

பழைய கர்னலில் காரணம் வராதவர்கள் "லாக்_மார்ஷியன்ஸ்" அமைப்பை இயக்கினால் டிமெசேஜ் என்ற கர்னல் பதிவில் "மார்ஷியன் சோர்ஸ்" என்று அழுதுகொண்டே இருக்கும். என்ஸ்டாட்டில் ஐபிரிவர்ஸ்பாத்ஃபில்டர் என்ற கவுண்டரும் ஏறும்.

சோதனையைத் தளர்த்துவதோடு வேலை முடியவில்லை. பதில் பாக்கெட் ஃபைபர் வழியாகப் போனால் மேலே இருப்பவர் அதை மறுக்கலாம். பாலிசி ரூட்டிங் போட்டு, வந்த வழியிலேயே பதில் போகும்படி செய்வதுதான் முழுத் தீர்வு.

ராத்திரி ஏழு மணிக்கு மேல் புதிதாக எந்தப் பக்கமும் திறப்பதில்லை, ஓடிக்கொண்டிருக்கும் வீடியோ மட்டும் ஓடுகிறது.

நேட் செய்யும் (பல வீடுகளை ஒரே பொது ஐபியில் வெளியே அனுப்பும்) பெட்டியா? அப்படியானால் முதலில் டிமெசேஜில் "என்எஃப்_கான்டிராக்: டேபிள் ஃபுல், டிராப்பிங் பாக்கெட்" என்ற வரியைத் தேடுங்கள். வீட்டுக்கு நாலு போன், ஒரு டிவி என்று எல்லாரும் ஒரே நேரத்தில் உட்காரும்போது இணைப்பு அட்டவணை நிரம்பிவிடும். பழைய இணைப்புகளுக்கு இடம் இருக்கிறது, அதனால் ஓடுகின்றன. புதிதுக்கு இடமில்லை. டிரேஸில் இது "நெட்ஃபில்டர்_டிராப்" என்றுதான் வரும். காரணப் பெயரை மட்டும் பார்த்தால் ஏதோ ஃபயர்வால் ரூல் என்று நினைத்து ஒவ்வொரு ரூலாகக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள். அழைப்புச் சங்கிலியையும் சேர்த்துப் பதியச் சொன்னது இதற்காகத்தான்.

அட்டவணையின் எல்லையை ஏற்றலாம், ரேம் இருந்தால் பிரச்சினையில்லை. அதோடு டிசிபி எஸ்டாப்ளிஷ்டு இணைப்புக்கான காலக்கெடுவையும் பாருங்கள். வழக்கமான மதிப்பு 432000 விநாடி, அதாவது ஐந்து நாள். போனை அணைத்துவிட்டுத் தூங்கியவரின் இணைப்புகூட ஐந்து நாள் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும். சில மணி நேரமாகக் குறைத்தால் வீட்டு நெட்டுக்கு ஒன்றும் கெட்டுப்போகாது.

உண்மையிலேயே ரூல்தான் தடுக்கிறது. எந்த ரூல்?

அதை டிராப் காரணம் சொல்லாது. என்எஃப்டேபிள்ஸ் என்றால் சந்தேகப்படும் பாக்கெட்டுக்கு மட்டும் "மெட்டா என்எஃப்டிரேஸ் செட் 1" போட்டு, "என்எஃப்டி மானிட்டர் டிரேஸ்" ஓட விடுங்கள். எந்தச் சங்கிலி, எந்த ரூல், என்ன தீர்ப்பு என்று வரிசையாக வரும். பழைய ஐபிடேபிள்ஸ் என்றால் ரா டேபிளில் டிரேஸ் டார்கெட். வேலை முடிந்ததும் எடுத்துவிட மறக்காதீர்கள்.

எல்லா டிராப்பும் கெட்டதா?

இல்லை. ஒரு சந்தாதாரருக்கு 40 எம்பி பிளான் கொடுத்து, ஹெச்டிபி என்ற வேகக் கட்டுப்பாட்டு வரிசையால் கட்டுப்படுத்தியிருக்கிறீர்கள். அவர் ஒரு பெரிய கோப்பை இறக்கும்போது "கியூடிஸ்க்_டிராப்" வரத்தான் செய்யும். அந்த டிராப்பைப் பார்த்துத்தான் எதிர்முனை டிசிபி தன் வேகத்தைக் குறைக்கிறது. வரிசையை நீளமாக்கி டிராப்பை நிறுத்தினால், பாக்கெட் எல்லாம் காத்திருக்க ஆரம்பித்து அதே வீட்டில் வீடியோ கால் திக்கும். எஃப்கியூ_கோடெல் போன்ற வரிசை முறைகள் வேண்டுமென்றேதான் தூக்கிப் போடுகின்றன. "டிசி -எஸ் கியூடிஸ்க்" போட்டு எந்த வரிசையில் என்று பார்த்துக்கொண்டால் போதும்.

டிரேஸில் ஒன்றுமே இல்லை. ஆனால் பாக்கெட் காணோம்!

நான் ரொம்பவும் மதிக்கும் கேள்வி இது. பதிவில் இல்லை என்பதால் இழப்பே இல்லை என்று ஆகிவிடாது.

கார்டிலேயே விழுந்திருந்தால் எஸ்கேபியே பிறந்திருக்காது. பிறக்காததை எப்படி விடுவிப்பது, எப்படிப் பதிவது? "ஈத்டூல் -எஸ்" போட்டு மிஸ்டு, ஃபிஃபோ, நோ பஃபர் என்ற பெயர்களில் ஏறும் எண்களைப் பாருங்கள். ஒவ்வொரு டிரைவரும் தன் இஷ்டத்துக்குப் பெயர் வைத்திருக்கும், கொஞ்சம் பொறுமை வேண்டும். சிஆர்சி பிழை (பாக்கெட் வழியில் சிதைந்தது) ஏறினால் அது கேபிள், கனெக்டர், எஸ்எஃப்பி சமாச்சாரம். ரிங் அளவை ஏற்றுவது மிஸ்டு, நோ பஃபர் ஏறும்போதுதான். அப்போதும் கூடவே சாஃப்ட்நெட்_ஸ்டாட் கோப்பைப் பாருங்கள். சிபியுவுக்கு ஒரு வரி, எல்லாம் பதினாறடிமானத்தில். இரண்டாவது நெடுவரிசை டிராப். மூன்றாவது, வேலை பாக்கி இருக்கும்போதே நேரமோ ஒதுக்கீடோ தீர்ந்துபோன தடவைகள். ஒரே ஒரு வரியில் மட்டும் எண் ஏறினால் எல்லா பாக்கெட்டும் ஒரே சிபியு தலையில் விழுகிறது. இன்டரப்டைப் பிரித்து விடுவதுதான் மருந்து.

எக்ஸ்டிபியில் விழுந்ததும் இதே கதைதான். அந்த நிரல் தானே கணக்கு வைத்தால் உண்டு.

மூன்றாவது கொஞ்சம் தந்திரமானது. ஒரு வெப் சர்வர் புதிய இணைப்புகளை ஏற்றுக்கொள்ளும் வரிசை நிரம்பிவிட்டால், இணைப்பு கேட்டு வரும் எஸ்ஒய்என் பாக்கெட்டைக் கர்னல் கண்டுகொள்ளாது. ஆனால் பல கர்னல்களில் அந்த பாக்கெட் கன்ஸ்யூம் வழியாகவே விடைபெறும். டிராப் டிரேஸில் தடயமே இருக்காது. என்ஸ்டாட்டில் லிசன்ஓவர்ஃப்ளோஸ், லிசன்டிராப்ஸ் இரண்டும் ஏறுகிறதா என்று பாருங்கள். அதனால்தான் பழைய கவுண்டர்களை நான் இன்னும் கைவிடவில்லை.

கூடவே ஒரு கணக்குச் சிக்கல். ஜிஆர்ஓ என்ற கர்னல் வசதி பல பாக்கெட்டுகளை ஒரே எஸ்கேபியாகச் சேர்த்துவிடும். டிரேஸில் ஒரு டிராப் என்பது கம்பியில் வந்த பல பாக்கெட்டாக இருக்கலாம். கார்டின் எண்ணையும் டிரேஸின் எண்ணையும் கழித்துப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

நாள் முழுக்க ஓட விடலாமா?

எண்ணிக்கையாக என்றால் தாராளமாக. டிரேஸ்பாயிண்ட் அணைந்திருக்கும்போது சுமை இல்லையென்றே சொல்லலாம். இயக்கினாலும் விழும் பாக்கெட்டுக்கு மட்டும்தான் செலவு. நிமிடத்துக்கு ஒரு முறை காரணம், ஃபங்ஷன், எண்ணிக்கை என்று ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். புகார் வரும்போது "நேற்று ராத்திரி எட்டரைக்கு" என்று திரும்பிப் பார்க்க முடியும். புரோமிதியஸ் கண்காணிப்பு வைத்திருப்பவர்களுக்கு நோட் எக்ஸ்போர்ட்டரே சாஃப்ட்நெட், என்ஸ்டாட் எண்களைக் கொடுத்துவிடும்.

தாக்குதல் நடக்கும் நேரத்தில் ஒவ்வொரு டிராப்பையும் அழைப்புச் சங்கிலியோடு பதிய வேண்டாம், பெட்டியை நீங்களே படுக்க வைப்பது போலாகும். பாக்கெட்டின் உள்ளடக்கத்தோடு பதியும் முறையில் இன்னொரு சங்கடமும் உண்டு: அடுத்தவர் டேட்டா உங்கள் டிஸ்க்கில் உட்காரும். டிராப்வாட்சில் வெட்டும் நீளத்தை ஹெடர் அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

மைக்ரோடிக்கில் செய்யலாமா?

மைக்ரோடிக் ரவுட்டரில் ஓடும் ரவுட்டர்ஓஎஸ் உள்ளே லினக்ஸ்தான். ஆனால் டிரேஸ்பாயிண்ட் வரை நம்மை விடாது. அதன் சொந்த கவுண்டர்களோடும் டார்ச், ஸ்னிஃபரோடும்தான் காலம் தள்ள வேண்டும். ரவுட்டர்களுக்கான லினக்ஸான ஓபன்டபிள்யூஆர்டியின் தயார் இமேஜ்களில் பெரும்பாலும் டிரேஸிங் இருக்காது, நாமே கட்டிக்கொள்ளலாம்.

விண்டோஸ் சர்வரில்?

பிகேடிமான் என்ற கருவி கூடவே வருகிறது, விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து. எந்த அடுக்கில், என்ன காரணத்தால் டிராப் என்று அதுவும் சொல்லும்.

மேலே நமக்கு லைன் கொடுப்பவரிடம் இதை ஆதாரமாகக் காட்டலாமா?

உங்கள் பெட்டிக்குள் என்ன நடந்தது என்பதற்கு மட்டும்தான் இது சாட்சி. தொப்பூர் கணவாய்க்கு அந்தப் பக்கம் விழுந்த பாக்கெட் உங்கள் கர்னலுக்கு வரவே இல்லை, அதைப் பற்றி அது ஒன்றும் சொல்ல முடியாது. "எங்கள் பக்கம் டிராப் இல்லை, கார்டில் சிஆர்சி பிழையும் இல்லை" என்று காட்டப் பயன்படும். அதற்கு மேல் வேண்டுமென்றால் இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் டிசிபிடம்ப் எடுக்க வேண்டும். டிசிபி என்றால் சீக்வென்ஸ் எண்ணை வைத்து, ஒரு முனையில் புறப்பட்டு மறுமுனைக்கு வராதவற்றைப் பொறுக்கி எடுக்கலாம். அதற்கு முன் இரண்டு பெட்டியிலும் நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி ஓடுகிறதா, நேரம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நேரம் தப்பாக இருந்தால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும்.